பட்டியலில் ஏறிய காவிப்பட்டை

அண்மையில் பெய்த அடைமழையில் எங்கள் வாசற்கதவு ஊதிக்கொண்டு திறக்க வராமல் போயிற்று. மதுரையாக இருந்தால் என்ன செய்வோம்? தெருமுனையில் இருக்கிற ஆசாரியைக் கூப்பிடுவோம். அவர் வந்து இழைப்புளியை வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். இங்கே நான் மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்து, 'மதிப்பிற்குரிய ஐயா, என் வீட்டுக் கதவின் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துக்கொள்ள அனுமதி உண்டா?' என்று மாவட்டக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இழைக்கலாமாம். அடிப்பக்கம் மட்டும் இழைக்க வேண்டுமாம். பழைய கீலையும் தாழ்ப்பாளையும் தொடக் கூடாதாம். அந்த மூன்று வாரமும் நான், என் வீட்டுக்காரர், மகள், பால்காரர், தபால்காரர் எல்லாரும் கொல்லைக் கதவு வழியாகத்தான் நடமாடினோம். இந்த ஊரில் யாருக்கும் அது விநோதமாகவே படவில்லை.

இதைப் படிக்கிற மதுரைக்காரர்கள், "இதென்ன கூத்தா இருக்கு, நம்ம வீட்டுக் கதவ நாம தொட எவன்கிட்ட கேக்கணும்?" என்று சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இந்த நாட்டில் பழைய கட்டடங்களை ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அரண்மனையும் கோட்டையும் மட்டுமல்ல. ஆற்றுப் பாலம், மாட்டுக் கொட்டகை, மைல்கல், தேவாலயத்து மதில், சாதாரணக் குடியானவன் வீடு எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் ஏறிவிட்டால் அந்தக் கட்டடத்தின் உள்ளும் புறமும் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிடும். இடிக்கக் கூடாது, கூட்டிக் கட்டக் கூடாது, கேட்காமல் முகத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் கோர்ட்டுக் கேஸ் ஆகலாம். நாங்கள் இருக்கிற மாவட்டம் வேல்ஸ் தேசத்தின் நடுவில், மலையும் மழையும் ஆட்டு மந்தையுமாகக் கிடக்கிற நாட்டுப்புறம். எந்த வளைவில் திரும்பினாலும் ஒரு பட்டியல் கட்டடம் நிற்கும். எங்கள் வீடும் அதில் ஒன்று.

என் வீட்டுக்காரர் சோழவந்தான்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மதுரையில் டாக்டருக்குப் படித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமான கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தார். வந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி, ஆறு மாதத்துக்கு ஓர் ஊர். ஆறு வருஷத்தில் ஒன்பது வீடு மாறினோம். எல்லாம் யாரோ தொங்கவிட்ட திரைச்சீலை, யாரோ உட்கார்ந்து பள்ளம் விழுந்த சோபா. நான் மதுரையிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியில் ஒரு பித்தளைப் பொங்கல் பானை இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை. எடுத்து வைத்தால் மறுபடியும் கட்ட வேண்டுமே என்ற அலுப்புத்தான். கடைசியில் இந்த ஊரின் பெரிய டாக்டர் இவரை உதவி டாக்டராகச் சேர்த்துக்கொண்டார். "ஏப்ரல் வரை பார்ப்போம். ஊருக்கு உங்களைப் பிடித்து, உங்களுக்கு ஊரைப் பிடித்தால் கூட்டாளியாகவே சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். கூட்டாளி என்றால் நிரந்தரம். இனி பெட்டி கட்ட வேண்டாம். மகளை ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கலாம். அந்த நம்பிக்கையில் கடனை உடனை வாங்கி, முன்னூறு வருஷத்துக் கல் வீடு ஒன்றை வாங்கிவிட்டோம். பத்திரம் முடித்த வக்கீல், "இது லிஸ்டட் வீடு, தெரியும்தானே?" என்று கேட்டார். இருவரும் பெரிதாகத் தலையாட்டினோம். காரில் வரும்போது, "லிஸ்டட்னா என்னங்க?" என்று கேட்டேன். "ஏதோ மரியாதைக்கு எழுதி வச்சிருப்பாங்க. நல்லதுதான, விடு" என்றார் இவர்.

குடிபோனது ஐப்பசி வாக்கில். மார்கழி பிறந்தபோது நான் அந்த வீட்டை நிமிர்ந்து பார்க்காமலே உள்ளே போய்வந்தேன். முகப்புச் சுவர் முழுக்க வெறுங்கல், மழையில் நனைந்து கருப்பாகக் கிடக்கும். இங்கே அதை அழகு என்கிறார்கள். எங்கள் ஊரில் பூசாத சுவர் என்றால் பாதியில் நின்றுபோன வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத சுவர் என்றால் சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீடு. நல்லபடியாகக் குடித்தனம் நடக்கிற வீடு, நாங்கள் முதல் முதலாக வாங்கிய வீடு, அப்படி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணை மிசஸ் ப்ரைஸ் வீட்டுக்குப் பால் வாங்கப் போனால், அவர்களுடைய மாட்டுக் கொட்டகை உள்ளே பளீரென்று வெள்ளை வெளேர் என்றிருந்தது. கிட்டப் போய் மோந்து பார்த்தேன். அட, சுண்ணாம்பு! பெயின்ட் இல்லை, அசல் சுண்ணாம்பு! இந்த ஊர் மாடுகள் பொங்கல் கொண்டாடத் தயாராக இருக்கின்றன, நான்தான் இன்னும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் எங்கள் வீடு வடக்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. அப்பா ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. குருவி சேர்த்த மாதிரி சேர்த்து அவராக வாங்கிய வீடு. ஒரு பக்கச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பத்மாக்காவுக்கும் பொது. அவர்கள் சௌராஷ்டிரக்காரர்கள், வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலுக்கு வந்தால் எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். மார்கழி கடைசி வாரம் அப்பா சைக்கிள் கேரியரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவார். தகர டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது பொங்கிக் கொதிக்கும். "கிட்டக்க வராதீக, கண்ணு போயிரும்!" என்று அம்மா கத்துவாள். ஆறின பிறகு வடிகட்டி, கொஞ்சம் உப்பும் வஜ்ஜிரப் பசையும் நீலமும் கலந்து, வெள்ளையடிக்கிற அண்ணே ஏணியில் ஏறினால் இரண்டு நாளில் வீடு முடிந்துவிடும். அடியில் சாண் உயரத்துக்குக் காவிப்பட்டை அடிப்பது என் வேலை. பட்டை நேராக வர நூல் பிடிக்க வேண்டும். காவித் தண்ணீரில் நனைத்த நூலின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையைப் பத்மாக்கா வந்து பிடிப்பாள். நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். "இழுத்துப் பிடிடீ, தூக்கம் வருதா ஒனக்கு!" என்று அவள் அதட்டுவாள். எங்கள் பட்டை முடிந்ததும் அவர்கள் வீட்டுப் பட்டைக்கு நான் போய்ப் பிடிக்க வேண்டும். கோடு ஒரு விரற்கடை கோணினாலும் அம்மா விடமாட்டாள். அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

மிசஸ் ப்ரைஸிடம் சுண்ணாம்பு கேட்டேன். அறுபது வயதுக்காரி, ரப்பர் பூட்ஸைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. "இப்போதா? மே மாதம் வரை பொறு, லவ். குளிரில் பிடிக்காது" என்றாள். 'லவ்' என்பது இங்கே நம்ம ஊர்க் 'கண்ணு' மாதிரி. எனக்கு எங்கே பொறுமை? "எங்கள் பண்டிகை ஜனவரியில்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு வாளி ஊறிய சுண்ணாம்பைக் கொடுத்தாள். காவிக்கு என்ன செய்வது என்று விழித்தபோதுதான் அடுத்த அதிசயம். ஆட்டுக்கு அடையாளம் போட அவர்கள் ஒரு சிவப்புப் பொடி வைத்திருக்கிறார்கள். ராடில் என்று பெயர். கிடா எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று தெரிய, கிடாவின் நெஞ்சில் அதைக் குழைத்துப் பூசிவிடுவார்களாம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நம் ஊர்க் காவிக்கட்டியேதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிசஸ் ப்ரைஸ் பயந்துபோய், "கண்ணில் பட்டுவிட்டதா? கழுவு, கழுவு" என்று என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் இவரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "அடி, அடி. கையில படாமப் பாத்துக்க" என்றார். இதை அவர் பிறகு மறுத்தது வேறு கதை. நாலு நாள் மழை இல்லாமல் வெறித்திருந்தது. நான் ஏணி வைத்து முகப்புச் சுவரை எட்டின மட்டும் வெள்ளையடித்தேன். கொல்லைப்புறத்தில் அடுப்படிக்கு வெளியே, கூரை இறக்கிய சின்னத் தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. அதன் சுவருக்கும் அடித்தேன். பிறகு நூல் பிடித்துக் காவி. முகப்பில் நூலின் மறுமுனையை மழைநீர்க் குழாயில் கட்டிக்கொண்டேன். தாழ்வாரத்தில் கட்ட எதுவும் இல்லை, பிடிக்கவும் ஆள் இல்லை. ஒரு கல்லை வைத்து நூலை அழுத்திவிட்டுச் சுண்டினேன். கல் நழுவியது. கடைசி ஒரு முழம் கோடு மேலே ஏறிக் கோணிக்கொண்டது. அம்மா இருந்திருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பாள். குளிரில் விரல் விறைத்துப் போனதால் அப்படியே விட்டுவிட்டேன். பொங்கலன்று பானையை வெளியே எடுத்துத் தாழ்வாரத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றினேன். பால் பொங்கியது. நானும் மகளும் பொங்கலோ பொங்கல் என்று கத்த, மிசஸ் ப்ரைஸின் நாய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூடவே குரைத்தது. அன்று முழுக்க ரோட்டில் போகிற கார்கள் எங்கள் வீட்டு வாசலில் மெதுவாகின. எல்லாரும் என் சுவரை ரசிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சந்தோஷமாகக் கையாட்டினேன்.

பத்து நாளில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தோற்றத்தை அனுமதியின்றி மாற்றியிருக்கிறீர்கள், இது குற்றம், அதிகாரி வந்து பார்வையிடுவார், அதன் பிறகு வழக்குத் தொடர்வது பற்றி முடிவாகும் என்று மரியாதையான இங்கிலீஷில் எழுதியிருந்தது. இவர் அதை மூன்று முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்புள்ள, ஆறு வருஷமா நாயா அலைஞ்சு இப்பத்தேன் ஒரு எடத்துல உக்காந்தோம். அது ஒனக்குப் பொறுக்கலையா? கோர்ட்டுல நிக்கிற டாக்டர எந்தப் பெரிய டாக்டர் கூட்டாளியாச் சேப்பாரு?"

"ஒங்ககிட்ட கேட்டுட்டுத்தான அடிச்சேன்? அடி அடின்னீகள்ல!"

"நான் எப்பச் சொன்னேன்?"

"பேப்பரு படிச்சுக்கிட்டே சொன்னீக. லிஸ்டட்னா மரியாதைக்குன்னதும் நீங்கதேன்!"

இரண்டு நாள் எங்கள் வீட்டில் மகள் மட்டும்தான் பேசினாள். இந்த வீடு போனால் பத்தாவது வீடு. மறுபடி யாரோ தொங்கவிட்ட திரைச்சீலை. ஒரு வாளிச் சுண்ணாம்பால் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேனே என்று அடுப்படியில் நின்று அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. சட்டத்தின் மேல் கொஞ்சம், இவர் மேல் நிறைய, என் மேல் எல்லாவற்றையும்விட அதிகம்.

அந்த வாரம்தான் மதுரையிலிருந்து பெரியண்ணனின் ஏரோகிராம் வந்தது. அம்மா அப்பா போன பிறகு சந்து வீட்டில் அண்ணன் குடும்பம் இருந்தது. 'பாப்பா, வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டலாம் என்று இருக்கிறேன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிற ஜனத்துக்குத் தங்க இடம் பத்தவில்லை. அப்பா சொந்தமாக வாங்கிய வீடு என்பதால் உன் சம்மதமும் வேண்டுமாம். உனக்கு மனசில்லை என்றால் சொல், நான் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தார். அண்ணன் தங்கமான மனிதர். கேட்க வேண்டும் என்று நினைத்தாரே, அதற்கே நான் அவருக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவருக்கு மூன்று பெண்கள். ஒழுகுகிற ஓட்டுக்கும் உளுத்த உத்திரத்துக்கும் நடுவில் அவர்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீ ஒழுகலில் கிட என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட எங்கள் பழைய வக்கீலிடமே போனேன். பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே அவர், "பழைய வீடா? அதுவும் லிஸ்டட் வீடா?" என்று கேட்டார். "இல்லை, எங்கள் ஊரில் கோயிலைத்தான் அப்படி வைத்துக்கொள்வார்கள். வீட்டை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார்கள்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "கொடுத்து வைத்தவர்கள்" என்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் வீடு இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. நான் சிரிக்கிற நிலையில் இல்லை. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் பனி விழுந்து உறைந்தது. உறைபனியில் என் சுண்ணாம்பு முகப்புச் சுவரிலிருந்து தோல் உரிவது போலப் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் வெள்ளைச் செதிள். காவியும் அதோடு போயிற்று. சொறி பிடித்த மாதிரி நின்றது வீடு. அதைப் பார்த்து அழுவதா, குற்றத்தைக் கடவுளே கழுவுகிறார் என்று சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நான் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னக் கார் வந்து நின்றது. மாவட்டத்தின் பட்டியல் கட்டட அதிகாரி மிஸ்டர் லூயிஸ். ஒல்லியாக, நெட்டையாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு இருந்தார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு நிறுத்தி வைக்கத் தெரியாத ஊர் அல்லவா நம்முடையது. கேஸ் போட வந்தவராக இருந்தால் என்ன? அப்போதுதான் சுட்ட உளுந்து வடையைத் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்து, "இதில் என்னென்ன கலந்தீர்கள்?" என்று கேட்டார். "உளுந்து, மிளகு, இஞ்சி, வெங்காயம், கறிவேப்பிலை" என்றேன். அவர் நோட்டில் எழுத ஆரம்பித்து, மூன்றாவதில் நிறுத்தி, சுவரைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் சிரித்ததில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

சிரித்தாலும் அதிகாரி அதிகாரிதான். "ஜனவரியில் யாராவது சுண்ணாம்பு அடிப்பார்களா?" என்றார்.

"எங்கள் பண்டிகை அப்போதுதான் வருகிறது."

"ஜூனுக்குத் தள்ளி வைக்க முடியாதா?"

"சூரியனுக்கான பண்டிகை. சூரியனிடம்தான் கேட்க வேண்டும்."

"இந்த ஊரில் சூரியன் கடிதத்துக்குப் பதில் போடமாட்டார்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டைச் சுற்றி நடந்தார். அந்த நேரம் வேலியைத் தாண்டிக்கொண்டு மிசஸ் ப்ரைஸ் வந்தாள். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சுண்ணாம்பு என்னுடையது. சிவப்பு என் ஆட்டினுடையது. கேஸ் போடுவதானால் என் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். டாக்டர் என் வீட்டுக்காரரை நவம்பரில் சாகாமல் பார்த்துக்கொண்டார். அவரை ஊரை விட்டு அனுப்பினால் நான் பேசாமல் இருக்கமாட்டேன்" என்று பூட்ஸ் காலைத் தரையில் ஊன்றி நின்றாள். என்னைப் பெற்றவள் இருந்திருந்தால்கூட எனக்காக இப்படிப் பேசியிருப்பாளா என்று நினைத்தேன். எனக்கு அவள் மேல் இருக்கிற நன்றியை அன்றும் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை. இன்னொரு வடையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

மிஸ்டர் லூயிஸ் கொல்லைத் தாழ்வாரத்துக்குள் போனார். அங்கே கூரைக்கு அடியில் பனி படாததால் வெள்ளையும் காவியும் அப்படியே இருந்தன. பேனாக்கத்தியை எடுத்து ஒரு மூலையில் மெதுவாகச் சுரண்டினார். என் வெள்ளைக்கு அடியில் இன்னொரு வெள்ளை. அதற்கடியில் மஞ்சள் பாய்ந்த ஒன்று, அதற்கடியில் மறுபடி வெள்ளை. பூதக்கண்ணாடியை வைத்து எண்ணிக்கொண்டே போனார். அந்த வீட்டில் எனக்கு முன்னால் இருந்த பெண்களும் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் அடித்திருக்கிறார்கள் என்றார். காவிப்பட்டையின் முன்னால் மட்டும் வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். "இது?" என்றார். "இது எங்கள் ஊர்" என்றேன். வேறு இங்கிலீஷ் எனக்கு அப்போது வரவில்லை.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. முகப்பைச் சுரண்ட வேண்டாம், சுரண்டினால் கல் காயப்படும், மழையே கழுவிவிடும், இனிமேல் எதைச் செய்தாலும் முன்கூட்டிக் கேட்க வேண்டும், வழக்கு இல்லை. கடைசியில் ஒரு வரி: கொல்லைத் தாழ்வாரத்துச் சுவர் இப்போது இருக்கிறபடியே இருக்கலாம். இவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வடை இன்னும் இருக்கா?" என்றார். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான் வரும். ஏப்ரலில் பெரிய டாக்டர் கூட்டாளிப் பத்திரத்தை நீட்டினார். "உங்கள் மனைவியின் சுவரைப் பார்க்க நானும் காரை மெதுவாக்கினேன். பதிலுக்குக் கையாட்டினாரே, அதற்காகவே கையெழுத்துப் போடலாம்" என்றாராம்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனேன். மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரிக்‌ஷாவில் சந்துக்குள் திரும்பினால், எங்கள் வீடு இருந்த இடத்தில் பள்ளம். கம்பி கட்டிக் கான்கிரீட் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அண்ணன் என்னைப் பார்த்ததும் குற்றம் செய்தவர் போல நின்றார். "என்ன பாப்பா, மனசு கஷ்டமா இருக்கா?" என்றார். "இல்லண்ணே. நல்லா வரட்டும்ணே" என்றேன். அது பொய்யில்லை. என் அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் முறையாக ஒழுகாத வீட்டில், வாடகைக்குத்தான் என்றாலும், நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று அவளே சொன்னாள். அப்போது பத்மாக்கா அவள் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏ, வந்துட்டியா? வா, வா. ஒங்க வீட்டுச் சொவரு இன்னும் எங்க பக்கந்தேன் நிக்குது. வந்து பாரு."

வீட்டை இடித்தாலும் பொதுச்சுவரை இடிக்க முடியாதே. பள்ளத்தின் ஓரமாக, அவள் வீட்டுச் சுவரின் முதுகில், எங்கள் வீடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மாடப்பிறை, மாடிப்படி ஏறின தடம், அடுப்படிப் புகைக்கரி, அடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காவிப்பட்டை. நூல் பிடித்த நேர்த்தி, ஒரு விரற்கடை கோணல் இல்லை. "நாம அடிச்சதுடீ" என்றாள். கொத்தனார் வந்து, "தள்ளிக்கங்கம்மா, பூச்சு வேல நடக்குது" என்றார். நாங்கள் தள்ளிக்கொண்டோம். நான் ஊரில் இருந்த நாட்களுக்குள் சிமெண்ட் அதை மூடிவிட்டது. பத்மாக்கா அன்றைக்கு எனக்குப் போட்ட காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். நானும் கேட்காமல் குடித்தேன்.

இப்போது எண்பதுகள் முடியப்போகின்றன. எங்கள் மகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்துவிட்டாள். மிஸ்டர் லூயிஸ் ஓய்வு பெற்றுவிட்டார். மிசஸ் ப்ரைஸ் இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை. போன வாரம், கதவு இழைத்ததைப் பார்வையிடப் புது அதிகாரி வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். கையோடு எங்கள் வீட்டைப் பற்றிய பைலையும் கொண்டுவந்திருந்தாள். மாவட்டம் முழுக்கப் பட்டியலைத் திருத்தி எழுதுகிறார்களாம். வீட்டைப் பற்றி எழுதியிருப்பது சரிதானா என்று பார்த்து, வீட்டுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் கையெழுத்திட வேண்டுமாம். நான் படித்தேன். முகப்பு, வெறுங்கல். கூரை, ஸ்லேட்டுப் பலகை. கடைசியில், மிஸ்டர் லூயிஸ் சேர்த்து எழுதியதாக ஒரு வரி: 'கொல்லைத் தாழ்வாரம்: சுண்ணாம்பு வெள்ளை, அடியில் சாண் உயரத்துக்குக் காவிப்பட்டை. அனுமதியின்றி அழிக்கவோ மாற்றவோ கூடாது.' இதை இரண்டாவது முறை படித்தபோது எனக்கு எழுத்து கலங்கிவிட்டது. வடக்கு மாசி வீதிச் சந்து வீட்டைப் பற்றி யாராவது எழுதச் சொன்னால் நானும் இதைத்தானே எழுதுவேன். அந்த வீட்டை இடிக்கலாம் என்று ஒரு கையெழுத்துப் போட்டேன். இந்த வீட்டில் அதைத் தொடக் கூடாது என்று இன்னொரு கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டேன்.

அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டை அங்கங்கே மங்கியிருந்தது. மேல் பூச்சுப் பூசலாமா என்று கேட்டேன். அதே பொடி, அதே நிறம் என்றால் கேட்கவே வேண்டாம் என்றாள். எனக்கு ஆசை வந்துவிட்டது. கோடிக்குப் போய், மேலே ஏறிக் கோணிக்கொண்டிருக்கிற அந்தக் கடைசி முழத்தைக் காட்டி, "இதை மட்டும் நேராக்கிக்கொள்ளட்டுமா? அன்றைக்கு நூல் நழுவிவிட்டது" என்றேன்.

அவள் பைலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மெய்யாகவே வருத்தப்பட்டாள், பாவம். "மன்னிக்க வேண்டும், மேடம். அதுவும் சேர்த்துத்தான். இருக்கிறபடியே இருக்க வேண்டும்" என்றாள்.

சரி என்றேன். அவள் போன பிறகு ராடில் பொடியைக் குழைத்து, கோணலைக் கோணலாகவே தீட்டினேன். அன்றைக்கு நூலின் மறுமுனையைப் பிடிக்கப் பத்மாக்கா பக்கத்தில் இல்லை. அந்த ஒரு முழத்தை இனி இந்த மாவட்டம் காவல் காக்கும்.